பரணில் தங்கிய மழை

விஜயதசமி முடிந்து கொலுப்படி பிரிக்கும் நேரம். ஸ்டூல் மேல் ஒருவர் ஏறி நிற்க, கீழே இருப்பவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பார். காகிதக்கூழ் தசாவதாரம், மண் செட்டியார் தம்பதி, மரப்பாச்சி எல்லாம் பழைய வேட்டித் துணியில் சுற்றப்பட்டு, அட்டைப்பெட்டிக்குள் இறங்கி, பரண் ஏறிவிடும். பத்து நாளோ இரண்டு வாரமோ போனால் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். பொம்மைகளை மூடிவைக்க வருஷத்தில் இதைவிட மோசமான நேரம் இல்லை. ஈரம் ஏறிப்போன ஐப்பசிக் காற்றையும் சேர்த்தேதான் பெட்டியை மூடுகிறோம். வைப்பதும் மொட்டைமாடித் தளத்துக்கு நேர் கீழே. அடுத்த புரட்டாசியில் திறந்து பார்த்தால் செட்டியாரம்மாவின் கன்னத்தில் வண்ணம் பொரிந்திருக்கும். கூர்மாவதாரத்தின் முதுகில் சாம்பல் தூவினாற்போல் பூஞ்சணம்.

சென்னை அடுக்ககத்தின் லாஃப்ட், நாகர்கோவில் பக்கத்து ஓட்டு வீட்டின் மச்சு, ஊட்டி பங்களாவில் தகரக் கூரைக்கும் மரப்பலகைக்கும் நடுவே கிடக்கும் இருட்டு. எல்லாமே கூரைக்கு அடியில் உள்ள, யாரும் போய் நிற்காத இடங்கள். ஈரம் முதலில் குடியேறுவது அங்கேதான். நமக்குக் கடைசியில்தான் தெரியவரும். தெரிந்ததும் பெயின்ட் கடைக்குப் போகிறோம். ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று எழுதிய டப்பா ஒன்றை வாங்கி, உள்பக்கமாக இரண்டு கோட் அடிக்கிறோம். கறை மறைந்துவிடும். மறு வருஷம் அதே இடத்தில் பெயின்ட் கொப்பளித்து நிற்கும்.

டப்பாவைக் குறை சொல்லிப் பயனில்லை. பரணுக்கு வரும் ஈரம் ஒரே வழியில் வருவதில்லை. தளத்தின் வழியே மேலிருந்து இறங்குவது ஒன்று. குழாயிலிருந்தோ பக்கத்து பாத்ரூமிலிருந்தோ கசிவது இன்னொன்று. மழையும் இல்லாமல் குழாயும் இல்லாமல், காற்றிலிருந்தே வந்து சுவரில் படிவது மூன்றாவது. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதற்கு உதவாது. சில சமயம் கெடுத்தும்விடும். எது என்று பார்க்காமல் கொத்தனாருக்கு முன்பணம் கொடுப்பதில்தான் பாதிக் காசு வீணாகிறது.

எங்கிருந்து வருகிறது?

முதலில் காலத்தைக் கவனிக்க வேண்டும். மழை பெய்த அன்றோ மறுநாளோ கறை விரிந்து, வெயில் அடித்ததும் ஓரம் மஞ்சளாகக் காய்ந்தால் தளத்தைச் சந்தேகிக்கலாம். சித்திரையிலும் சொதசொதவென்றிருந்தால் அது குழாய். ஒரு ராத்திரி எல்லாக் குழாயையும் மூடி, மாடித் தொட்டியில் குச்சி விட்டு நீர்மட்டத்தை அளந்து வைத்து, காலையில் யாரும் பல் தேய்ப்பதற்கு முன் மறுபடி அளந்து பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் தண்ணீர் வரும் குழாயில் ஓட்டை. மட்டம் அப்படியே இருந்து, மேல்வீட்டில் குளித்த பிறகு மட்டும் கறை நனைந்தால், கழிவுநீர் போகும் பக்கம் தேட வேண்டும்.

காலத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லையென்றால் எளிய சோதனை ஒன்று உண்டு. சமையலறையில் இருக்கும் அலுமினியத் தாளில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி வெட்டிக்கொள்ளுங்கள். ஈரம் இருக்கும் இடத்தில் உரிந்த பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, துடைத்து, தாளின் நான்கு ஓரத்தையும் பேக்கிங் டேப்பால் இடைவெளி விடாமல் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். பிறகு டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். நம்மைப் பார்த்த பக்கத்தில் முத்து முத்தாக நீர் நின்றால் அது அறைக் காற்றின் ஈரம். பிரித்ததும் சுவரைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் கட்டடத்துக்குள்ளிருந்து வருகிறது. இரண்டு பக்கமும் ஈரமென்றால் செலவு கொஞ்சம் கூடும்.

சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலேதான் விரிசல் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. தளத்துக்குள் மின்கம்பி போகும் பைப்புகள் ஓடுகின்றன. ஏதோ ஒரு மூலையில் நுழையும் தண்ணீர் அந்த பைப் வழியாகவே பயணம் செய்து, ஹாலின் நடுவில் ஃபேன் கொக்கியில் வந்து சொட்டும். அப்படிச் சொட்டினால் முதல் வேலை அந்த லைனின் மின்சாரத்தை நிறுத்துவது. வாளி வைப்பது இரண்டாவது.

ஃபால்ஸ் சீலிங் போட்ட வீடுகளில் இது எதையும் பார்க்க முடியாது. ஜிப்சம் பலகையின் இரண்டு முகமும் காகிதம்; பூஞ்சணத்துக்கு அதைவிட நல்ல தீனி கிடைக்காது. பலகை தொய்ந்து தொங்கும்வரை மேலே நடப்பது தெரியாது. கடைசி மாடியில் ஃபால்ஸ் சீலிங் போட்டே ஆக வேண்டுமென்றால், கையும் டார்ச்சும் நுழையும் அளவுக்கு ஒரு திறப்பாவது வைக்கச் சொல்லுங்கள். அழகு கொஞ்சம் குறைந்தால் குறையட்டும்.

காற்றுக்குள் இருக்கும் தண்ணீர்

மழை விட்ட ஒரு நவம்பர்ப் பிற்பகல். வெப்பம் 30 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு. அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 24 கிராம் நீராவி இருக்கும். காற்று 26 டிகிரிக்குக் குளிர்ந்தால் போதும், தாங்க முடியாமல் தண்ணீரை விட்டுவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வியர்ப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பக்கத்துப் படுக்கையறையில் ஏசியை 20-இல் வைத்து நாள் முழுக்க ஓட்டும்போது நடுவில் இருக்கும் நாலரை அங்குலச் சுவருக்கும் அதேதான் நடக்கிறது. அந்தச் சுவரின் மறுபக்கத்தில்தான் பல வீடுகளில் லாஃப்ட் இருக்கிறது.

நீர் சொட்ட வேண்டும் என்றுகூட இல்லை. மேற்பரப்பை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தாலே பூஞ்சணம் முளைக்கும். சூட்கேசையும் பெட்டிகளையும் சுவரோடு ஒட்டி அடுக்கினால் நிலைமை இன்னும் மோசம். அறையின் வெதுவெதுப்பு சுவரைத் தொடவிடாமல் பெட்டிகள் தடுத்துவிடும்; சுவர் மேலும் குளிரும். பெட்டியை இழுத்தால் அதன் அளவுக்கே சதுரமாகக் கறுப்பு படிந்திருப்பது இதனால்தான். இரண்டு அங்குலம் தள்ளி வைத்தால் தீரக்கூடிய விஷயத்துக்கு மொட்டைமாடியையே கொத்திப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டுக்குள் நாமே உண்டாக்கும் ஈரமும் கொஞ்சநஞ்சம் இல்லை. அடைமழை நாளில் ஒரு வாஷிங் மெஷின் துணியை அறைக்குள் கொடி கட்டிக் காயப்போட்டால், ஒன்றரை இரண்டு லிட்டர் தண்ணீர் காற்றுக்குப் போகும். சோறு வடிப்பது, இட்லிப் பானை, வெந்நீர்க் குளியல் எல்லாம் இதில் சேரும். வெந்நீர் ஆவி மேலேதானே ஏறும்? பாத்ரூமுக்கு மேலே கட்டிய லாஃப்ட் என்றைக்கும் நசநசப்பாக இருப்பதற்குப் பெரிய மர்மம் தேவையில்லை. எக்ஸாஸ்ட் ஃபேனின் வாய் வெளியே திறக்கிறதா, அல்லது ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஊதிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தால் பல சமயம் விடை கிடைத்துவிடும்.

‘காற்றோட்டம் வேண்டும்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்போது என்பதைச் சொல்வதில்லை. வெளியே 25 டிகிரியும் 90 விழுக்காடும் இருக்கும் மழை நாளில் ஜன்னலைத் திறந்து வைத்தால் உள்ளே வருவதும் ஈரக்காற்றுதான். அன்றைக்குச் சமையலறை, பாத்ரூம் ஃபேன் மட்டும் ஓடட்டும். வெயில் அடிக்கும் நண்பகலில் லாஃப்ட் கதவைத் திறந்து போடுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை லாஃப்டுக்குள் வைத்தால் ஊகத்துக்கு வேலையில்லை.

தளம்: பழையதும் புதியதும்

சிமென்ட் வருவதற்கு முன்பும் மெட்ராஸில் மொட்டைமாடிகள் இருந்தன, மழையும் இருந்தது. மயிலாப்பூர், ஜார்ஜ் டவுன் பழைய வீடுகளில் இன்னும் பார்க்கலாம். தேக்கு உத்தரங்களுக்கு மேல் ஓர் அங்குலக் கனமுள்ள சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக, குறுக்குச் சாய்வில், சுண்ணாம்புச் சாந்து வைத்து நெருக்கியிருப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கட்டை துள்ளி எழும்பும்வரை அடி விழும். கடைசியாகத் தட்டோடு.

இந்தத் தளம் தண்ணீரை முழுக்கத் தடுக்கவில்லை என்பதுதான் இதில் விசேஷம். கொஞ்சம் குடிக்கும், வெயிலில் திருப்பிக் கொடுத்துவிடும். மயிரிழை விரிசல் விழுந்தால், மழைநீரில் கரைந்த சுண்ணாம்பே அங்கே வந்து படிந்து அடைக்கும். நம் பொதுப்பணித் துறையின் கட்டுமான விவரக்குறிப்பில் 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12.5 பங்கு சுண்ணாம்பு என்ற கணக்கு இதன் வாரிசு. கான்கிரீட் தளத்தின் மேல் மூன்று நான்கு அங்குலத்துக்கு அதைப் போட்டு, தட்டோடு பதிப்பது நேற்றுவரை வழக்கம். இன்று ஜல்லியை அடிக்க ஆளும் இல்லை, பொறுமையும் இல்லை. சிமென்ட் கலவையைக் கொட்டி மட்டம் தட்டி, கூலிங் டைல்ஸ் ஒட்டிவிட்டுப் போகிறார்கள்.

கான்கிரீட் தளம் வேறு ஜாதி. அது வெயிலில் நீள்கிறது. மே மாத வெயிலில் கொதித்துக் கிடக்கும் தளத்தின் மேல் கோடைமழை கொட்டி, வெப்பம் 30 டிகிரி இறங்கினால் பத்து மீட்டர் நீளத் தளம் மூன்று மில்லிமீட்டர் சுருங்கும். கைப்பிடிச் சுவர் அதே அளவு சுருங்குவதில்லை. அதனால்தான் தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில் முதலில் பிளக்கிறது. அந்த மூலையைச் செங்குத்தாக விடாமல் வளைத்துப் பூசி, சுவரில் ஒரு சாண் உயரம்வரை பூச்சை ஏற்றிவிட வேண்டும். விரிசலின் மேல் வெறுமனே பெயின்ட் ஓட்டினால் அடுத்த மே மாதம் அது மறுபடி வாய் திறக்கும். விரிசலை ‘வி’ வடிவத்தில் வெட்டி, தூசியை ஊதி, பாலிமர் கலந்த சாந்தால் அடைத்த பிறகுதான் பூச்சு.

வாட்டம் சரியில்லாத தளத்தில் எந்தப் பூச்சும் நிற்காது. ஐந்து அடிக்கு ஓர் அங்குலம் சாய்வு இருந்தால் தண்ணீர் தானாக ஓடும். மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்து மாடிக்குப் போய், தேங்கியிருக்கும் இடங்களைச் சாக்பீஸால் சுற்றி வரைந்து வையுங்கள். கொத்தனார் வரும்போது அதுதான் வரைபடம்.

2015 டிசம்பர் மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் அந்த மழை சுமார் 45,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஏறக்குறைய நான்கு. அத்தனையும் நாலு அங்குலக் குழாய் ஒன்றிரண்டு வழியாக இறங்க வேண்டும். குழாயின் வாயில் ஒரு பாலிதீன் பை உட்கார்ந்தால் மாடி குளமாகும். இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை. 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய பிறகு மாடிக் குழாய்களைக் கீழே வடிகட்டித் தொட்டிக்குத் திருப்பிவிட்டோம். நல்ல காரியம். அந்தத் தொட்டியின் ஜல்லியில் சேறு அடைத்துக்கொண்டால் தண்ணீர் குழாயிலேயே எதிர்த்து நிற்கும். ஜல்லியை அள்ளிக் கழுவிப் போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று?

உள்பக்கப் பூச்சைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மேலிருந்து இறங்கும் நீரைக் கீழ்ப்பக்கம் அடைத்தால், அது தளத்துக்குள்ளேயே தங்கிவிடும். தங்கினால் கம்பி துருவேறும். துரு இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தைக் கேட்கும். கிடைக்காவிட்டால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வரும். பரணுக்கு மேலே காரை பெயர்ந்து கம்பி தெரிந்தால் அது பெயின்ட்காரர் வேலை இல்லை, பொறியாளரைக் கூப்பிட வேண்டும். சுவரில் ஒட்டும் பிவிசி பலகைக்கும் பிளாஸ்டிக் வால்பேப்பருக்கும் இதே கதைதான். ஓதம் ஏறிய சுவரை மூடி மறைப்பதற்கு விற்கிறார்கள். மறைகிறது, பின்னால் வளர்கிறது.

தளத்துக்கு மேல் இரும்புக் கால் நட்டு ஷீட் போடுவது இப்போது பெருகிவருகிறது. ஒழுகலும் நிற்கும், சூடும் தணியும். என் பார்வையில் அது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும். அனுமதி வாங்கிச் செய்பவர்கள் குறைவு. கால் நடத் தளத்தில் போடும் ஓட்டைகளே புதிய ஒழுகலுக்கு வழி. வர்தா மாதிரி ஒரு புயல் வந்தால் அந்த ஷீட் யார் வீட்டில் போய் விழும் என்ற கேள்வியும் இருக்கிறது.

மச்சு, தகரம், டொரோண்டோ

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை நிற்கிறது. இருப்பது தமிழ்நாட்டில், நிர்வாகம் கேரள அரசிடம். அதன் கூரை முனைகளில் முக்கோண முகப்புகளைப் பாருங்கள். செதுக்கிய மரச்சட்டங்களுக்கு இடையே வெளிச்சம் தெரியும். அழகுக்கு மட்டும் வைத்ததில்லை. மச்சில் சேரும் சூடான ஈரக்காற்று அதன் வழியாகத்தான் வெளியேறுகிறது. கீழே தாழ்வாரத்துப் பக்கமிருந்து புதுக் காற்று ஏறும். ஓடும் தன் பங்குக்கு ஓரம் ஓரமாக மூச்சு விடும். 1865-இல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு பரவிய, ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும் ஓடும் இந்த மூச்சை அடைத்துவிடவில்லை.

நாம்தான் அடைத்தோம். தூசி விழுகிறது, வௌவால் வருகிறது என்று முகப்பைப் பலகை வைத்து மூடி, கீழே பிவிசி சீலிங் போட்டு, ஓட்டை எடுத்துவிட்டுத் தகரமும் போட்டாயிற்று. தெளிந்த வானமுள்ள இரவில் தகரம் தன் சூட்டை ஆகாயத்துக்கு விட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். அடிப்பக்கத்தில் நீர் கோத்து, விடியற்காலையில் சொட்டும். முதல்நாள் மழையே இருக்காது. ஆணி ஓட்டையைத் தேடித் தார் பூசுவார்கள், மறுநாளும் சொட்டும். முகப்பைத் திறந்து கொசுவலை அடித்தால் வௌவாலும் வராது, காற்றும் போகும். தகரத்துக்கு அடியில் காப்புத் தாள் ஒட்டினால் இன்னும் நல்லது. மச்சு மரத்தில் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் தங்கிவிட்டால் மரத்தை உளுத்துப்போகச் செய்யும் காளான் பிடிக்கும். அதன் பிறகு உத்தரமே போய்விடும்.

ஊட்டியில் டிசம்பர், ஜனவரி உறைபனி இரவுகளில் இதே விஷயம் இன்னும் கடுமையாக நடக்கும். இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் டொரோண்டோவின் ஸ்கார்பரோவுக்கோ மார்க்கமுக்கோ போக வேண்டும்; நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும் இடம். அங்கே வீட்டுக்கு வீடு சாய்ந்த கூரைக்கு அடியில் முழுநீளப் பரண் உண்டு. வெளியே மைனஸ் 20. அந்தக் குளிரில் ஒரு கன மீட்டர் காற்றால் ஒரு கிராம் நீராவியைத்தான் தாங்க முடியும். கீழே குக்கர் விசிலடிக்க, ஆவி விளக்குத் துளைகள், பரண் கதவின் இடுக்கு வழியாக மேலே ஏறி, கூரை ஆணிகளின் நுனியில் பனியாக உறையும். வெயில் வந்ததும் உருகி, கூரை ஒழுகுவதாகப் பெயர் வாங்கிக் கொடுக்கும். பாத்ரூம் ஃபேனின் குழாய் கழன்று பரணுக்குள்ளேயே ஊதுவது அங்கேயும் அடிக்கடி காணும் கோளாறு. கீழிருந்து ஏறும் இடுக்குகளை முதலில் அடைத்து, பிறகு இறவாரத்திலும் கூரை முகட்டிலும் காற்று வழி விடுவது அங்குள்ள முறை. ஒன்டாரியோ கட்டட விதி பொதுவாகப் பரண் பரப்பில் 300-இல் ஒரு பங்கு திறப்பு கேட்கிறது.

கனடாவில் சுவரின் உள்பக்கம் பிளாஸ்டிக் தாள் வைப்பார்கள். அங்கே ஈரம் உள்ளிருந்து வெளியே போகப் பார்க்கும். ஏசி ஓடும் சென்னை வீட்டில் வெளியிலிருந்து உள்ளே வரப் பார்க்கும். அக்கா வீட்டில் பார்த்தேன் என்று இங்கே அப்படியே செய்தால் தாளுக்குப் பின்னால் தண்ணீர் கட்டும்.

பெட்டிக்குள்

லாஃப்டில் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆறு கன மீட்டர் லாஃப்டில் நவம்பர்க் காற்று சுமக்கும் நீர் 150 கிராம்போல. கதவிடுக்கில் காற்று மாறிக்கொண்டே இருக்கும்; வற்றாது. ஜெல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு நீரைத்தான் பிடிக்கும். ஆனால் இறுக்கி மூடிய 50 லிட்டர் பெட்டிக்குள் இருக்கும் காற்றில் நீர் ஒன்றே கால் கிராம்தான். நன்றாகக் காய்ந்த துணியோடு போட்ட ஒரு பொட்டலம் அங்கே வேலை செய்யும். நாப்தலீன் உருண்டை பூச்சிக்கு. ஈரத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

பட்டுப்புடவைக்குப் பரண் இடமே இல்லை. ஜரிகை கறுக்கும். பத்திரமும் பழைய போட்டோவும் கீழே பீரோவில் இருக்கட்டும். லாஃப்டின் பலகைக் கதவில் மேலும் கீழும் வரிசையாக ஓட்டை போடச் சொல்லுங்கள். தச்சருக்கு அரை மணி நேர வேலை. அட்டைப்பெட்டிக்குப் பதில் இரும்பு டிரங்கு, அதற்கடியில் இரண்டு மரச்சட்டம். கொலு பொம்மைகள் கார்த்திகை, மார்கழி முழுக்க அறை அலமாரியிலேயே துணிக்குள் கிடக்கலாம். தை பிறந்து வறண்ட வெயில் நாள் ஒன்று பார்த்து ஏற்றினால் போதும். முளைத்துவிட்ட பூஞ்சணத்தைக் காய்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள். வித்து வீடு முழுக்கப் பறக்கும். முகக்கவசம் போட்டு, சோப்புத் தண்ணீர் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். வண்ணப் பொம்மைக்கு மட்டும் தண்ணீர் ஆகாது, மென்மையான பிரஷ் போதும். அதையும் வெளியே மாடியில் வைத்துச் செய்யுங்கள்.

யார் செலவு?

அடுக்ககங்களில் கடைசி மாடிக்காரர் தன் காசில் மாடிக்குப் பூச்சு அடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிறோம். மொட்டைமாடி பொதுச்சொத்து. அதைப் பழுது பார்ப்பது சங்கத்தின் பொறுப்பு, எல்லா வீட்டுக்காரர்களின் பங்கு. தரைத்தள வீட்டுக்காரர் ‘எனக்கு ஒழுகவில்லையே’ என்றால், தளக் கம்பி துருப்பிடித்தால் கட்டடம் மொத்தத்துக்கும்தான் மதிப்பு இறங்கும் என்பதைச் சொல்ல வேண்டியதுதான்.

புது வீடு என்றால் பில்டரைக் கேளுங்கள். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் பில்டரின் கவனத்துக்குக் கொண்டுவரும் கட்டுமானக் குறையை, வேலைத்தரக் குறையை, 30 நாளுக்குள் கட்டணமில்லாமல் சரிசெய்து தரச் சொல்கிறது. செய்யாவிட்டால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். எட்டு வீடுகளுக்குள் அடங்கும் திட்டங்களுக்கும், 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனையில் எழும் திட்டங்களுக்கும் இந்தச் சட்டப்படி பதிவு கட்டாயமில்லை. சென்னையின் சின்ன அடுக்ககங்களில் நிறைய இதில் வரும். அவர்கள் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். எங்கே போனாலும் முதலில் கேட்பது ஆதாரம். தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போதே எடுங்கள். பில்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியதோடு நிற்காமல், ஸ்பீட் போஸ்ட்டிலும் ஒரு கடிதம் போடுங்கள்.